இஞ்சினுக்கு ஒரு திண்ணை

சத்தம் போடுகிறவர்களுக்குத்தான் இந்த உலகத்தில் புகழும் பழியும் போய்ச் சேருகின்றன. சங்கீதக் கச்சேரியில் "பேஷ், பேஷ்!" என்று சொல்லப்படுகிறவர் பாடகர், அபஸ்வரம் விழுந்தால் ஏச்சுக் கேட்கிறவரும் அவரே. பின்னால் அடக்கமாக உட்கார்ந்து தம்புராவை மீட்டிக் கொண்டிருக்கும் மனிதரை யாராவது ஏறெடுத்துப் பார்ப்பதுண்டா? அந்தத் தம்புராவின் ஒரு தந்தி இறங்கிப் போனால், எவ்வளவு பெரிய வித்துவானாயிருந்தாலும் என்ன செய்துவிட முடியும்?

யந்திரங்களின் உலகத்திலும் இதே நியாயந்தான் நடைபெறுகிறது. இஞ்சின் உறுமுகிறது, புகை கக்குகிறது. ஆகையால் எது கெட்டாலும், "இஞ்சின் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். இஞ்சினுக்கும் அதைச் சுமக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், வாய் திறவாமல் நசுங்கிக் கொண்டிருக்கும் நான்கு ரப்பர்க் கட்டைகளை யாரும் நினைப்பதில்லை. பட்டறைகளில் அவற்றுக்கு 'மவுண்டிங் ரப்பர்' என்று பெயர்.

"மவுண்டிங் ரப்பரா? அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு பெண்ணின் கைவளைகளும், ஒரு கிராமத்தின் குறுவைப் பயிரும் ஒரு கோடை காலத்தில் இந்த ரப்பர்க் கட்டைகளை நம்பியிருந்தன. அதை அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது.

* * *

நம் சகோதரியின் மகன் திருவாரூர் ஜில்லாவில் ஒரு கடைமடைக் கிராமத்தில் இருக்கிறான். உத்தியோகத்துக்கு எழுதிப் போட்டு அலுத்துப்போன பிறகு, மண் தோண்டும் சிறு யந்திரம் ஒன்றை இரண்டாங் கையாக வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கினான். முன்பணத்துக்கு மனைவியின் வளைகள் பாங்கிக்குப் போயின. மீதிக்கு மாதத் தவணை. யந்திரம் ஓடுகிற ஒவ்வொரு மணியும் வரவு. நிற்கிற ஒவ்வொரு மணியும் செலவு.

பெரிய மண்வெட்டி யந்திரங்களை நம் ஜனங்கள், யார் செய்ததாயிருந்தாலும், 'ஜே.சி.பி.' என்றோ 'ஹிட்டாச்சி' என்றோ சொல்லிவிடுவது வழக்கம். சிறியதாயிருந்தால் 'மினி ஹிட்டாச்சி'. நம் மருமகனுடைய யந்திரம் இந்த இரண்டு கம்பெனிகளில் எதையும் சேர்ந்ததல்ல; எந்தக் கம்பெனியைச் சேர்ந்தது என்பது நம் விஷயத்துக்கு அவசியமும் இல்லை. எடை மூன்று டன். அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். மாட்டு வண்டி நுழைகிற சந்தில் அதுவும் நுழையும். பெரிய யந்திரம் இறங்கினால் வரப்பே இல்லாமல் போய்விடக்கூடிய சின்ன வாய்க்கால்களில் இது பதவிசாக இறங்கித் தூர் எடுக்கும்.

சிறிய உருவத்தில் சௌகரியம் உண்டு, சங்கடமும் உண்டு. இதன் இஞ்சின் டிரைவருடைய ஆசனத்துக்குப் பின்னால், வால் பகுதியில், ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின். அதன் பின் முகத்தோடு எண்ணெய்ப் பம்பு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது. கையை நீட்டுவதும் மடக்குவதும் வாளியைத் திருப்புவதும் அந்தப் பம்பு அனுப்பும் எண்ணெயின் அழுத்தத்தினால்தான். ரேடியேட்டர், புகைக் குழாய், பாட்டரி, விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரையில் எத்தனையோ ரப்பர்க் குழாய்கள் ஆகிய எல்லாம் கல்யாண வீட்டுச் சாமான் அறையைப்போல அதே பெட்டிக்குள் நெருக்கிக் கொண்டிருக்கின்றன. காற்றோட்டம் குறைவு, உஷ்ணம் அதிகம். இஞ்சின் தன் இடத்தைவிட்டு இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் எதன்மீதாவது இடித்தே தீர வேண்டும்.

நகராமலிருக்க அதை இரும்புச் சட்டத்தோடு நேராக முடுக்கிவிட்டால் என்ன? ஆதியில் மோட்டார் வண்டிகளில் அப்படித்தான் செய்திருந்தார்கள். இஞ்சினுடைய நடுக்கமெல்லாம் வண்டிக்கு வந்தது. வண்டியிலிருந்து ஏறியிருப்பவர்களின் எலும்புக்கு வந்தது. 1931-ம் வருஷத்தில் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் தங்கள் பிளிமத் வண்டியில் இஞ்சினை முன்னால் மேலே ஓரிடத்திலும், பின்னால் கீழே ஓரிடத்திலும் ரப்பரின்மீது உட்கார வைத்தார்கள். அந்த இரண்டு இடங்களையும் சேர்க்கும் கோடு இஞ்சினுடைய கனத்தின் மையத்தின் வழியாகப் போகும்படி அமைத்திருந்தபடியால், இஞ்சின் தன் இஷ்டம்போல் அந்தக் கோட்டைச் சுற்றி ஆடிக்கொண்டது. வண்டி சும்மா இருந்தது. 'மிதக்கும் சக்தி' என்று அதற்குப் பெயர் கொடுத்தார்கள். மறுவருஷமே பிரான்ஸ் தேசத்து ஸித்ரோயன் கம்பெனியார் அதன் உரிமையை வாங்கி, தங்கள் வண்டியின் முகப்பில் நீந்துகிற அன்னத்தின் சித்திரத்தைப் பொறித்துக் கொண்டார்கள். நடுக்கத்தை அடக்கியதற்கு அன்னப் பட்சியை அடையாளமாக வைத்தது பொருத்தந்தான் அல்லவா?

இந்த ரப்பரின் சரித்திரத்தில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. மரத்தின் பாலாக வருகிற ரப்பர் வெயிலில் இளகும்; குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் உறுதியும் துள்ளலும் நிலைத்து நிற்கும் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். பிரேஜில் தேசத்திலிருந்து ரப்பர் விதைகளை ஹென்றி விக்கம் லண்டனுக்குக் கொண்டு போனது 1876-ல். அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்தன. பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய எத்தனையோ தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஜில்லாக் குடும்பங்கள் அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து மரத்தைக் கீறிப் பால் வடித்தன. இன்றைக்கும் மவுண்டிங் செய்வதற்கு மரத்து ரப்பருக்கு நிகரானது சுலபமாகக் கிடைப்பதில்லை. கோடிக் கணக்கான தடவை நசுங்கி மீளும் பொறுமை அதற்குத்தான் உண்டு.

கோடி என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. கணக்குப் பார்த்தால் தெரியும். மூன்று சிலிண்டர் இஞ்சின் நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும்போது, ஒரு விநாடிக்கு 60 தடவை அதற்குள் டீசல் வெடிக்கிறது. எட்டு மணி நேரம் வேலை செய்தால் 17 லட்சத்து 28 ஆயிரம் வெடி. ஒவ்வொரு வெடிக்கும் இஞ்சின் ஒரு பக்கமாகத் திமிறுகிறது. அத்தனை திமிறலையும் தினந்தோறும் வாங்கிக் கொள்வது உள்ளங்கையில் அடங்குகிற நான்கு ரப்பர்க் கட்டைகள்.

* * *

மேட்டூர் அணையில் தண்ணீர் போதுமான அளவு இருக்கும் வருஷங்களில், குறுவைச் சாகுபடிக்காக ஜூன் மாதம் 12-ந் தேதி அணையைத் திறப்பது வழக்கம். கல்லணையைத் தாண்டிக் கிளை ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் ஓடிக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதற்குப் பல நாட்கள் பிடிக்கும். வழியில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வரவே வராது. ஆகையால், அந்தத் தேதிக்கு முன்னால் வாய்க்கால்களைச் சுத்தம் செய்துவிட வேண்டுமென்று டெல்டாவில் எல்லோரும் பறப்பார்கள். நம் மருமகன் தன் கிராமத்துக் கிளை வாய்க்கால் ஒன்றைத் தூர் வாரித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான்.

மே மாதக் கடைசியில் யந்திரம் நடுங்கத் தொடங்கியது. முதலில் ஆசனத்தில் ஒரு குறுகுறுப்பு. பிறகு கைப்பிடிகள் இரண்டும் வண்டைப்போல ரீங்காரம் செய்தன. சாவியைத் திருப்பி நிறுத்தும்போது, குளிர்ஜுரம் கண்டவன் உடம்பைப்போல யந்திரம் முழுவதும் ஒரு தரம் உதறிவிட்டு ஓய்ந்தது. நான்காம் நாள் விசிறி எதிலோ உராய்கிற சத்தம் கேட்டது.

பக்கத்து டவுனிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் காது கொடுத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். "கிராங்க் போயிருக்கிறது. இஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும். லட்சத்தைத் தாண்டும்" என்றார். அன்று இரவு நம் மருமகன் சாப்பிடவில்லை. அவன் மனைவி ஒன்றும் சொல்லாமல் கழுத்தில் மிச்சமிருந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக் கொண்டாள். நாம் அந்தச் சமயத்தில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தோம்.

மறுநாள் வேறொருவரை அழைத்து வந்தார்கள். வயதானவர். டிராக்டர், பஸ், மோட்டார் படகு எல்லாம் பார்த்த கை. ஊரில் எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் அழைக்கிறார்கள். அவர் வந்தவுடன் ஸ்பானரைத் தொடவில்லை. பூவரச நிழலில் உட்கார்ந்து கொண்டு, "தம்பி, ஸ்டார்ட் செய்யுங்கள்" என்றார். ஓடியது. "வேகத்தை ஏற்றுங்கள்." ஏற்றினான். "இறக்குங்கள். இப்போது நிறுத்துங்கள்." நிறுத்தினான். இப்படி நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் இஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இஞ்சினைப் பார்க்காமல் இஞ்சினுக்குக் கீழே பார்த்துக் கொண்டிருந்தார்.

"இஞ்சினுக்கு ஒன்றுமில்லை, தம்பி. அது உட்கார்ந்திருக்கும் திண்ணைதான் இடிந்து போயிருக்கிறது" என்றார்.

"எப்படித் தெரிந்தது, பாய்?" என்று நாம் கேட்டோம்.

"ஐயா, ஊஞ்சல் ஆட்டியிருக்கிறீர்கள் அல்லவா? ஊஞ்சலுக்கென்று ஒரு கணக்கு உண்டு. அது போய்த் திரும்பும் கணக்குக்குச் சரியாகத் தள்ளினால், குழந்தை தள்ளினாலும் உச்சிக்குப் போகும். கணக்கைவிட மிகவும் வேகமாகப் படபடவென்று தட்டினால், பலசாலி தட்டினாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். ரப்பர்மேல் உட்கார்ந்த இஞ்சினும் ஊஞ்சல்தான். ஓடுகிற வேகத்தில் அது அடங்கியிருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் அந்தக் கணக்கைத் தாண்டிப் போகிறபடியால் ஒரு குலுங்கு குலுங்கும். அதையும் ரப்பர் பிடித்துக் கொள்ள வேண்டும். உங்கள் இஞ்சின் நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் எழும்பிக் குதிக்கிறது. கிராங்க் கெட்டிருந்தால் அது வேலை செய்யும்போது தட்டும். இது நிற்கும்போதல்லவா உதறுகிறது?"

காலேஜில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகமே.

* * *

பிறகு பாய் டார்ச் விளக்கை வாங்கிக் கொண்டு, நான்கு கட்டைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். மவுண்டிங் என்பது இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ரப்பரை வார்த்து ஒட்டியது. ஒட்டு என்றால் பசை போட்டு ஒட்டுகிற ஒட்டு அல்ல. ரப்பர் வேகும்போதே இரும்பின்மீது பூசிய மருந்தோடு சேர்ந்து பிடித்துக் கொள்வது. புகைக் குழாயின் பக்கத்தில் இருந்த கட்டையில் அந்த ஒட்டு விட்டுப் போய், ரப்பருக்கும் தகடுக்கும் நடுவில் காகிதம் நுழையும்படி பிளந்திருந்தது. அது உஷ்ணத்தின் வேலை. எதிர்ப்பக்கத்தில் ஒரு கட்டை, மழையில் நனைந்த உளுந்தைப்போல உப்பி வழவழவென்றிருந்தது. மேலே ஒரு டீசல் குழாயின் மூட்டு கசிந்து, சொட்டுச் சொட்டாக எத்தனையோ மாதங்களாக அதன் தலையில் விழுந்து கொண்டிருந்திருக்கிறது. மரத்து ரப்பருக்கு டீசலும் எண்ணெயும் விஷம். எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் 1930-களிலிருந்து உண்டு. ஆனால் இந்தக் கட்டை அதனால் செய்ததல்ல.

மூன்றாவது கட்டை வெடிப்பு விட்டிருந்தது. நான்காவதைப் பார்த்தவுடன் பாய் சிரித்துவிட்டார். அங்கே மவுண்டிங்கே இல்லை. லாரி டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டை மடித்து வைத்து, நடுவே துளை போட்டுப் போல்ட்டை இறுக்கியிருந்தது. விற்றவர்கள் நம் மருமகனிடம் சொல்லாமல் விட்ட சங்கதிகளில் இது ஒன்று.

இந்தச் சமயத்தில் வேடிக்கை பார்க்க வந்திருந்த வெல்டிங்காரர் ஒருவர் யோசனை சொன்னார். "எதற்கு இந்த ரப்பர் தொந்தரவு? நான்கு இரும்புக் கட்டை கடைந்து வைத்துப் போல்ட்டை முறுக்கி விடுவோம். ஆயுசுக்கும் அசையாது. நாளைக்கே வாய்க்காலில் இறங்கலாம்." நம் மருமகனின் முகம் மலர்ந்தது. நாட்கள் ஓடிக் கொண்டிருந்தன அல்லவா?

பாய் தலையை ஆட்டினார். "அசையாதுதான். அசையாமலிருப்பதுதான் ஆபத்து. இஞ்சின் ஆடுகிற ஆட்டம் எங்கே போகும், தம்பி? இப்போது ரப்பர் தின்கிறது. ரப்பரை எடுத்துவிட்டால் போல்ட் தின்னும். பிறகு பிராக்கெட் தின்னும். பம்பு மூட்டு, ரேடியேட்டர்க் குழாய், கடைசியில் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிற உங்கள் முதுகெலும்பு தின்னும். ஊஞ்சல் சங்கிலியைக் குட்டையாக்கினால் ஆட்டம் நின்று விடுகிறதா? வேகமாகிறது, அவ்வளவுதான்."

இரண்டு புது மவுண்டிங் தஞ்சாவூரில் உடனே கிடைக்கும், மற்ற இரண்டு சென்னையிலிருந்து வர மூன்று நாளாகும் என்று டெலிபோனில் தெரிந்தது. இரண்டை மட்டும் மாற்றினால் என்ன என்று அடுத்தபடியாக யோசனை எழுந்தது. அதற்கும் பாய் சம்மதிக்கவில்லை. ரப்பரின் கடினத்தை அளப்பதற்கு 'ஷோர்' என்று ஒரு அளவு உண்டு. மவுண்டிங் ரப்பர்கள் பெரும்பாலும் அந்த அளவில் 40-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கும். வயதான ரப்பர் விறைத்துக் கடினம் ஏறும். எண்ணெய் குடித்த ரப்பர் குழைந்து கடினம் இறங்கும். இவற்றோடு புதியவற்றைச் சேர்த்துவிட்டால் நான்கு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவன் நெட்டையும் ஒருவன் குட்டையுமானால் என்ன ஆகுமோ, அதுவே ஆகும். கனம் முழுவதும் புதியவன் தோளில் இறங்கும். அவனும் சீக்கிரம் ஒடிவான்.

மூன்று நாள் என்றால் மூன்று நாள் வாடகை. அதற்கும் மேலே, ஊருக்குக் கொடுத்த வாக்கு. நம் மருமகன் அன்று மாலை பஞ்சாயத்தாரைப் போய்ப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னான். "யந்திரம் மூன்று நாளைக்கு இறங்காது. அரைகுறையாய் ஓட்டினால் நடு வாய்க்காலில் நின்றுவிடும், அப்போது தண்ணீரும் வராது, யந்திரமும் ஏறாது" என்றான். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு ஒரு பெரியவர், "சரி, தம்பி. தலைப்பகுதியை நாங்கள் மண்வெட்டியால் ஆரம்பிக்கிறோம். நீ யந்திரத்தைச் சரியாகப் பார்" என்றார்.

* * *

மவுண்டிங் மாற்றுகிற வேலை கஷ்டமானதல்ல, பொறுமையானது. நம் ஊர்ப் பையன்களில் பலர் இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறபடியால், பாய் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, வாளியைத் தரையில் ஊன்றச் செய்தார். இஞ்சினை நிறுத்திய பிறகு கைப்பிடிகளை இப்படியும் அப்படியும் அசைத்து, எண்ணெய்க் குழாய்களில் தங்கியிருந்த அழுத்தத்தை விடுவித்தார். சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக் கொண்டார். பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி ஒதுக்கினார். இஞ்சின் குளிர்கிற வரையில் டீ குடித்தார். பிறகு முதல் காரியமாக, மவுண்டிங்கைத் தொடாமல், கசிந்து கொண்டிருந்த டீசல் குழாயை மாற்றினார்.

"இதை விட்டுவிட்டுப் புது ரப்பர் போடுவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே புதுப் பாய் விரிப்பது மாதிரி" என்றார்.

மூன்று இரும்புக் கால்கள் நட்டு, செயின் பிளாக் கட்டி, இஞ்சினைத் தூக்குவதற்கென்றே அதன் தலையில் வைத்திருக்கும் காதுகளில் கொக்கியை மாட்டினார். அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குகிறவர்களும் உண்டு; அப்படியானால் எண்ணெய்ச் சட்டியின்மீது நேராக ஜாக்கியைக் கொடுக்கக் கூடாது, சட்டி நசுங்கிவிடும். நான்கு மவுண்டிங்குகளின் நட்டுகளையும் தளர்த்தினார். பிறகு சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இழுத்தார். ஒரு பையன் குழாய்களையும் கம்பிகளையும் பார்த்துக் கொண்டே இருந்தான். எதுவாவது விறைத்தால் "நில்லுங்கள்" என்று சொல்வது அவன் வேலை. கட்டையை உருவுவதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ, அவ்வளவே தூக்கினார். அரை அங்குலம் கூட அதிகமில்லை. தொங்குகிற இஞ்சினுக்கு அடியில் கையை விடுமுன் மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார்.

டயர்த் துண்டை எடுத்த இடத்தில், பிராக்கெட்டின் மூலையில் தலைமயிர்போல ஒரு கோடு தெரிந்தது. பாய் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்குக் கட்டியைப் பூசிவிட்டுக் காத்திருந்தார். வெள்ளையில் ஈரக் கோடு எழும்பியது. விரிசல்! டயர்த் துண்டு நசுங்கிப்போய் இரும்போடு இரும்பு இடித்ததன் பலன். இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் பிராக்கெட் முறிந்து, விசிறி ரேடியேட்டரைக் கிழித்திருக்கும். இரும்புக் கட்டை யோசனை சொன்ன வெல்டிங்காரரே வந்து அதைப் பற்ற வைத்தார். பக்கத்திலிருந்த ரப்பர்கள் எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான்; வெல்டிங்கின் சூடு ஒட்டை விடுவித்துவிடும். எர்த் கம்பியையும் பற்ற வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொன்னார் பாய். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங்குகளின் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்குமாம்.

சென்னையிலிருந்து பார்சல் நான்காம் நாள் காலையில் வந்தது. முன்பக்கத்து ரப்பரும் பின்பக்கத்து ரப்பரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் கடினத்தில் வேறுபடலாம்; அடையாளத்துக்குப் பெயிண்ட் புள்ளி வைத்திருப்பார்கள். பாய் புள்ளிகளைப் பார்த்துப் பிரித்து வைத்தார். உட்காரும் இடங்களைத் துருவும் பிசுக்கும் இல்லாமல் துடைத்தார். பழைய போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை. நான்கு போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே மரையில் ஏற்றினார். விரலுக்கு ஏறாத போல்ட்டை ஸ்பானரால் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். இஞ்சினை மெல்ல இறக்கி, அதன் கனத்தில் ரப்பர்கள் தாமாகவே அமருகிற வரையில் பொறுத்து, பிறகுதான் குறுக்கு மாறாக இறுக்கினார். கடைசி முறுக்குக் கைக்கணக்கில் அல்ல. கம்பெனிப் புஸ்தகத்தில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சினால்.

"நாற்பது வருஷப் பழக்கம் இருக்கிறதே, கைக்குத் தெரியாதா, பாய்?" என்று கேட்டோம்.

"கைக்குத் தெரியும், ஐயா. ஆனால் கை காலையில் ஒன்று சொல்லும், சாயங்காலம் ஒன்று சொல்லும்" என்றார்.

நம் மருமகன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் ஒரு தரம் தோளைக் குலுக்கிவிட்டு ஓடியது. ஆசனத்தின்மீது அவன் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. வேகத்தை ஏற்றியவுடன் அவையும் அடங்கின. அவன் மனைவி வாசற்படியிலிருந்து பார்த்துக் கொண்டிருந்தாள். மொத்தச் செலவு, இஞ்சினை இறக்கச் சொன்னவர் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

* * *

அந்த வருஷம் வாய்க்கால் வேலை ஜூன் 12-ந் தேதிக்குள் முடியவில்லை. 14-ந் தேதி முடிந்தது. தலைப்பகுதியைக் கிராமத்தாரின் மண்வெட்டிகளும் மற்றதை யந்திரமும் வாரின. கல்லணைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பின்னால்தான். நாற்றங்கால்கள் நனைந்தன. பாங்கியிலிருந்த வளைகள் அப்புறமும் ஒரு வருஷம் அங்கேயேதான் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ரிப்பேரினால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. கடன் வளராமல் இருக்கிறது.

சொந்தமாகச் சிறு யந்திரம் வைத்துப் பிழைக்கிற குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இஞ்சின் ஆயில் மாற்றுகிறபோதெல்லாம் ஐந்து நிமிஷம் டார்ச் விளக்கோடு குனிந்து பார்ப்பதற்குச் செலவில்லை. ரப்பரில் வெடிப்பு உண்டா, இரும்பை விட்டு விலகியிருக்கிறதா, எண்ணெய் படிந்து உப்பியிருக்கிறதா, இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, போல்ட்டைச் சுற்றிச் சிவப்புத் துருப்பொடி உதிர்ந்திருக்கிறதா என்ற ஐந்து கேள்விகளே போதும். புது ரப்பர் போட்ட பிறகு ஒரு வாரம் பத்து நாள் ஓட்டிவிட்டு, போல்ட்டுகளை மறுபடியும் ஒரு தரம் சோதித்துக் கொள்ள வேண்டும்.

வெல்டிங்காரருடைய யோசனையும் முற்றிலும் மூடத்தனமானது என்று நாம் சொல்ல மாட்டோம். எதையும் அசையாமல் இறுக்கிக் கட்டிவிட்டால் பத்திரம் என்று நினைப்பது மனித சுபாவம். குழந்தைகள் விஷயத்தில் அப்படி நினைக்கிறவர்கள் உண்டு; குடும்ப விஷயத்திலும் உண்டு. ஆனால் உள்ளே நிமிஷத்துக்கு ஆயிரக் கணக்கான வெடிகள் நடந்து கொண்டிருக்கிற ஒரு பொருளைக் கொஞ்சம் ஆட விட்டுத்தான் பிடித்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. எவ்வளவு ஆட விடுவது, எங்கே பிடித்துக் கொள்வது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

பாய் போகும்போது, உப்பிப் போன பழைய ரப்பர் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக் கொண்டார். எதற்கு என்று விசாரித்தோம்.

"பட்டறையில் ஆணி அடித்து மாட்டப் போகிறேன், ஐயா. புதிதாக வருகிற பையன்கள் யந்திரம் நடுங்கினால் இஞ்சினை ஒரே பார்வையாய்ப் பார்க்கிறார்கள். நடுக்கம் தெரிகிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் ஒன்று. இதைப் பார்த்தாவது கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும்" என்றார்.